இரண்டு முன்னங்கால்கள்

வண்டு பிடிக்கும் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று எனக்குச் சொன்னவர், சாலைக் கடைத்தெருவில் ஆணியும் பூட்டும் தாழ்ப்பாளும் விற்கும் ஒரு முதலாளி. அவரும் என்னைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அப்போது கொழும்பிலிருந்து திரும்பி, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு, காய்ச்சலோடு திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். காய்ச்சல் விட்டதும் அவர் கடையில் மூட்டை இறக்கினேன். பாரம் தூக்க என் உடம்பு போதாது என்பது இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊர்க்காரனை விரட்ட மனமில்லாமல்தான் இந்த வழியைக் காட்டினார் என்று நினைக்கிறேன்.

“கோட்டைக்குள்ள ஒரு சாமி இருக்காரு. காலேஜ்ல வாத்தியாரா இருந்து பென்ஷன் வாங்கினவரு. மண்ணுக்குள்ள கெடக்க வண்டையெல்லாம் பட்டியல் போடுதாராம். டப்பாவும் ஊசியும் நம்மகிட்டதான் வாங்குவாரு. போயிப் பாரும். வண்டு என்ன, ஒம்மைவிடக் கனமாவா இருக்கப் போவுது?”

போய்ப் பார்த்தேன். அவருக்கு அறுபது வயதிருக்கும். முழங்கால் பிடித்துக்கொண்டதால் குனிய முடியவில்லை. குனிகிற ஆள் ஒருவன் வேண்டும் என்றார். என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்றேன். இங்கிலீஷ் எழுத்து கொழும்புத் துறைமுகத்துப் பெட்டிகளைப் பார்த்துப் பழக்கம், பார்த்தால் அப்படியே எழுதிவிடுவேன், அர்த்தம் தெரியாது என்றும் சொன்னேன்.

“அது போறும். வண்டுக்கு நீ ஒண்ணும் படிச்சுக் காட்ட வேண்டாம்” என்றார்.

தரைவண்டு என்று அவர் சொன்னது பூவைச் சுற்றி ரீங்காரமிடும் வண்டை அல்ல. கல்லைப் புரட்டினால் வெளிச்சம் பட்டதும் கறுப்பாக ஒன்று தலைதெறிக்க ஓடுமே, முதுகில் கோடு கோடாக இருக்குமே, அதை. பல வகைகள் பறப்பதே இல்லை. புழுவையும் நத்தையையும் தின்று மண்ணோடு மண்ணாகக் கிடப்பவை. திருவிதாங்கூர் முழுவதிலும் அந்த ஜாதியில் என்னென்ன உண்டு, எந்த இடத்தில், எந்த மாதத்தில் உண்டு என்று ஒருவரும் முழுதாக எழுதி வைக்கவில்லையாம். கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே பரவூர் வரைக்கும் அவர் எழுதிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். பாதிப் பட்டியலை அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தும் வைத்தாயிற்று. மீதியை முடித்துக் கொடுப்பதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

வீட்டுக்குள் வண்டுக்கு இடம் கிடையாது. அது அந்த வீட்டம்மாளின் சட்டம். கிணற்றுக்கு அந்தப் பக்கம் முன்பு மாடு கட்டிய கொட்டில் ஒன்று இருந்தது. அங்கேதான் மேஜை, பெட்டிகள், ஸ்பிரிட் புட்டிகள், லென்ஸ், நான் எல்லாம். கொன்ற கையோடு கிணற்று வாளியைத் தொடக்கூடாது என்று எனக்குத் தனியாக ஒரு தகர வாளி கொடுத்திருந்தார்கள். நான் அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை. தோட்டத்தில் படுத்திருந்த கூலிக்காரர் லயத்தைவிட அந்தக் கொட்டில் நல்ல காற்றோட்டமாக இருந்தது.

வேலை இப்படி. பழைய பிஸ்கட் டப்பா, புகையிலை டப்பாக்களை மண்ணில் வாய்மட்டம் வரை புதைத்துவிட்டு வருவேன். ஊர்ந்து வருகிற வண்டு உள்ளே விழுந்தால் வழுக்கி வழுக்கி ஏற முடியாது. காலையில் போய் அள்ளிக்கொண்டு வர வேண்டும். கற்களைப் புரட்ட வேண்டும், மட்டை மட்கிய குவியல்களைக் கிளற வேண்டும். ஒவ்வொரு இடத்து வண்டும் தனித் தனிப் புட்டி. கொட்டிலுக்கு வந்ததும் பெரியவற்றுக்கு ஊசி குத்துவேன், சிறியவற்றை அட்டைத் துண்டில் பிசினால் ஒட்டுவேன். அடியில் ஒரு சிறு சீட்டு. எந்த இடம், என்ன தேதி, பிடித்தவன் யார் என்று அவர் எழுதித் தருவதைப் படம் வரைவது போல அதில் வரைவேன். பிறகு அவர் வந்து லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். என்ன பார்க்கிறார் என்று சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் பின்னால் இரண்டு பேரையும் கெடுத்தது.

முதல் மாதமே ஒரு சங்கதி நடந்தது. கரமனை ஆற்றங்கரையிலிருந்து ஒரு புட்டி நிறையக் கொண்டுவந்திருந்தேன். மண் தோண்டும் ஜாதி வண்டுகள் ஒரே டப்பாவில் விழுந்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். கால் போனது, மீசை போனது, முதுகு பிளந்தது என்று பாதிக்கு மேல் ஊனம். அவர் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் அவற்றை ஒதுக்கி ஒரு தட்டில் போட்டார்.

“பின்னமானதை எல்லாம் என்னத்துக்காக்கும் கொண்டு வரே? சீமைக்கு அனுப்பறது. பின்னமானது போகப்படாது, கேட்டியா.”

எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் அதைக் கேட்டால் என்ன புரிந்துகொள்வானோ அதைத்தான் நானும் புரிந்துகொண்டேன். மூக்கு உடைந்த சிலையைப் பூஜையில் வைக்கமாட்டார்கள். அட்சதைக்கு நுனி உடைந்த அரிசி ஆகாது. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்கூட உடைகிறவரை விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். பெரிய இடத்துக்குப் போகிற பொருள் முழுதாகப் போக வேண்டும், அவ்வளவுதான். அவரும் அந்த நினைப்பிலேதான் சொன்னார் என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் ‘பின்னம்’ என்ற சொல் அவர் வாயில் ஏன் வருகிறது?

கொழும்பில் நான் இரண்டு வருஷம் ஒரு கடிகாரக் கடையில் இருந்தவன். பல் போன சக்கரம் வந்தால் செத்த கடிகாரம் ஒன்றைப் பிரித்து அதிலிருந்து எடுத்துப் போடுவோம். கடிகாரம் ஓடும், கொண்டுவந்தவன் சந்தோஷமாகப் போவான். அதை ஏமாற்று என்று அங்கே யாரும் சொன்னதில்லை. ஊனமான வண்டுகளின் தட்டு எனக்குச் செத்த கடிகாரங்களின் பெட்டி போலத்தான் தெரிந்தது. நல்ல வண்டுக்குக் கால் இல்லாவிட்டால் தட்டிலிருந்து அதே அளவில் ஒரு கால். மீசை இல்லாவிட்டால் ஒரு மீசை. வேலம்பிசினை நீர்க்கக் கரைத்து, ஊசி முனையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்துவிட்டால் லென்ஸில் பார்த்தாலும் மூட்டு தெரியாது. அடுத்த மாதம் முதல் அவர் ஒதுக்கிப் போடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. உன் கை நல்ல கை என்று சொன்னார். அந்தக் கொட்டிலில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அட்டைப் பெட்டிகளில் தக்கை பதித்து, அதில் வண்டுகளைக் குத்தி, பஞ்சு சுற்றித் தபாலில் சீமைக்கு அனுப்புவார். அங்கே ஒரு துரை. தரைவண்டைத் தவிர வேறு எதையும் பார்க்காத மனிதராம். கப்பல் போய் வர, துரை பார்க்க என்று பதில் வர மாதக்கணக்காகும். பார்த்த வண்டுகளும் பெரும்பாலும் அதோடு திரும்பி வரும், என்ன பெயர் என்று கடிதத்தில் இருக்கும். அதைப் பார்த்து இவர் பட்டியலில் ஏற்றுவார்.

ஒரு நாள் காலை அவர் மேலே துண்டுகூட இல்லாமல் கடிதத்தோடு கொட்டிலுக்கு வந்தார்.

“நம்ம நூத்தி நாப்பத்தாறாம் நம்பர் புதுசாக்கும்” என்றார். “இதுவரை லோகத்திலே ஒருத்தரும் பேர் வைக்காதது.”

துரை ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் வைக்க அவருக்கு விருப்பமில்லை. இன்னும் இரண்டு மூன்று வேண்டும், ஆணும் பெண்ணுமாக. வந்தால் பெயரை இவரே சொல்லலாம். அதன் கீழே பிடித்தவன் பெயரையும் அச்சடிப்பார்கள். என் பெயர் அதுவரை ஒரு தோட்டத்து ஆள்கணக்கிலும் கொழும்பு ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வந்திருந்தது, இரண்டிலும் தப்பாக. எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதை மறைப்பானேன்.

அச்சுக்கூடத்தில் வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னார். அந்த ஒன்று இல்லாமல் பட்டியலை வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அது எப்படி இருக்கும், மற்றதிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் கேட்டேன். கறுப்பு, ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, மண் தோண்டும் ஜாதி, கரமனை ஆற்றங்கரையில் நீ எடுத்தது என்றார். அந்த அடையாளத்தில் அந்தக் கரையில் ஆயிரம் கிடக்கிறதே என்றேன்.

“நீ பிடிச்சுண்டு வா. பார்க்க வேண்டியது நானாக்கும்.”

பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு வருஷமும் சில மாதங்களும். கரமனைப் பாலத்துக்கு மேலேயும் கீழேயும் இரண்டு கரையிலும் நான் புரட்டாத கல் இல்லை. ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் ஆறு ஏறி ஐம்பது அறுபது டப்பாக்களை ஒரே நாளில் கொண்டுபோனது. மறுபடி சாலைக்குப் போய் டப்பா பொறுக்கினேன். வெட்டுக்கல் ஒன்றுக்கு அடியில் தேள் கொட்டி வலது கை மூன்று நாள் வீங்கிக் கிடந்தது. இடது கையால் கிளறினேன். காய்ச்சல் இரண்டு முறை திரும்பி வந்தது. இதெல்லாம் எந்த வேலையிலும் உள்ளதுதான். கொண்டுபோனவற்றை அவர் லென்ஸின் கீழ் வைத்து, இதல்ல என்று தள்ளிவிடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்தது. இதுவும் அல்ல. அதற்கடுத்தது. அல்ல. ஏன் அல்ல என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கோ எல்லாம் ஒரே வண்டாகத் தெரிந்தது. நூற்று நாற்பத்தாறாம் நம்பருக்கு ஊசி குத்தியதே நான்தான், அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். கண்ணால் பார்த்தால் குதிரையும் கழுதையும்கூட ஒன்றுதான் என்றார்.

கரையில் மரச்சீனி நட்டிருந்த ஒரு பெண்பிள்ளை தினமும் என்னைப் பார்ப்பாள். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவாள்.

“இன்னும் கிட்டலியா அண்ணா? எங்க வீட்டுக்காரர் கேக்காரு, இந்த அண்ணன் வண்டு பிடிக்கானா, இல்ல நம்ம கிழங்குக்கு நோட்டம் போடுகானான்னு.”

சாலைக்குப் போனால் ஆணிக்கடை முதலாளி வேறு.

“என்னவே, பொண்ணு பாத்து முடிஞ்சுதா? ஒண்ணும் பிடிக்கலையாமே ஒங்க சாமிக்கு. மாப்பிள்ளைக்கு வயசாகுதுன்னு சொல்லும்.”

அது விளையாட்டுப் பேச்சானாலும் வயது உண்மைதான். அவருடைய கண்ணில் படலம் விழத் தொடங்கியிருந்தது. முதலில் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மேஜையை வாசல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அறுத்த பிறகு மாதக்கணக்கில் லென்ஸைத் தொடக்கூடாதாம், ஒருவேளை பார்வை சரியாக வராமலும் போகலாமாம். அந்த வண்டைப் பார்த்துப் பட்டியலை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி என்றார். ஒரு நாள் அவருடைய வீட்டம்மாள் கிணற்றடியில் நின்றபடி, கொட்டில் பக்கம் திரும்பாமல், என்னிடம் பேசினார்கள். அதுவரை வாளியைப் பற்றித் தவிர என்னிடம் பேசியதில்லை.

“நேத்து மோருன்னு நினைச்சுண்டு கஞ்சித் தண்ணியைச் சாதத்திலே விட்டுண்டார். அந்த ஒரு பூச்சி கிடைச்சாத்தான் கண்ணை அறுத்துப்பேன்னு சத்தியம் பண்ணிண்டு உக்காந்திருக்கார். எங்கேருந்தாவது பிடிச்சுண்டு வந்து போட்டுத் தொலையேன்.”

நான் என்ன, ஒளித்தா வைத்திருக்கிறேன்?

இரண்டாம் வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்த சமயம். பதினேழு வண்டுகள் கொண்டுபோயிருந்தேன், ஒன்றும் ஊனமில்லாமல். பதினேழையும் வாசல் வெளிச்சத்தில் வைத்து, மூக்கு வண்டில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். பதினேழாவதையும் தள்ளியபோது நான் சாமணத்தை மேஜையில் போட்டேன். சத்தமாகவே விழுந்தது.

“சாமி, எதைத் தேடுதோம்னு சொல்லாம நான் எப்படித் தேடட்டும்? அந்தக் காயிதத்துல என்னதான் எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிச்சுச் சொல்லலாம்லா?”

கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வீட்டுக்குள்ளிருந்து கடிதத்தைக் கொண்டுவந்தார். கண்ணுக்கு மிக அருகில் வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். உடம்பு, தலை, முதுகுக் கோடு எல்லாம் தெற்கே எங்கும் உள்ள சாதாரண வண்டு ஒன்றைப் போலவே இருக்கிறது. ஆனால் முன்னங்கால் வேறு. சாதாரண வண்டுக்கு மண் பறிக்கிற அந்தக் காலின் வெளி ஓரத்தில் மூன்று பல். இதற்கு நான்கு. உள்பக்கத்திலும் வளைந்த முள் ஒன்று அதிகமாக இருக்கிறது. இப்படிப்பட்ட காலோடு இந்த உடம்பைத் தாம் இதுவரை பார்த்ததில்லை என்று துரை எழுதியிருந்தார்.

அவர் ‘முன்னங்கால்’ என்று சொன்னபோதே நான் லென்ஸை எடுத்தேன். மேஜையில் கிடந்த பதினேழில் ஒன்றைப் பார்த்தேன். மூன்று பல். இன்னொன்று. மூன்று. ஒரு வருஷத்துக்கு மேல் நான் கொண்டுவந்து குவித்தது அத்தனையும் மூன்று பல்தான்.

“சாமி, அந்த முன்னங்காலு ரெண்டும் நான் ஒட்டவச்சது.”

“என்ன சொல்றே?”

“கரமனையில எடுக்கும்போதே அதுக்கு முன்னங்காலு ரெண்டும் இல்ல. மத்தது கடிச்சுட்டு. ஒடம்பு நல்லா இருந்துது. தட்டுல முதுகு நசுங்கின ஒண்ணு கெடந்துது. அதுக்கு ரெண்டு காலும் இருந்துது. எடுத்து இதுக்கு வச்சேன்.”

அவர் கடிதத்தை மடித்தார். பிறகு விரித்தார். பிறகு மறுபடி மடித்தார்.

“என்னத்துக்குடா?”

“பின்னமானது போகப்படாதுன்னு சாமிதான சொன்னீங்க.”

அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நானும் கத்தியிருப்பேன். ஒரு காலில் எத்தனை பல் என்று எண்ணத்தான் சீமைக்கு அனுப்புகிறோம் என்று முதல் மாதமே சொல்லியிருந்தால் நான் ஏன் தொடப்போகிறேன்? இல்லாத ஒரு வண்டைத் தேடித் தேள்கடி பட்டிருக்கிறேன். அவரானால் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டது ஒரே கேள்விதான், அதையும் மெதுவாகக் கேட்டார். இதுபோல இன்னும் எத்தனைக்கு ஒட்டியிருக்கிறாய்?

எனக்குத் தெரியவில்லை. நூறு இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். ஒட்டியது தெரியாமல் ஒட்டுவதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. எதில் ஒட்டினேன் என்று குறித்து வைக்கிற புத்தி எனக்கு எங்கே.

அன்று மாலையே அவர் வழியைச் சொன்னார். வெந்நீர். காய்ந்த வண்டை வெந்நீரில் போட்டால் பிசின் இளகி, ஒட்டிய கால் தானே கழன்றுவிடும். உடம்போடு பிறந்த கால் கழலாது. பட்டியலில் ஏறிய அத்தனையையும், பதினோரு வருஷத்தில் அவர் தம் கையாலேயே பிடித்தவற்றை மட்டும் விட்டுவிட்டு, வெந்நீரில் போட்டுப் பார்க்க வேண்டும். பாத்திரத்துக்கு வீட்டம்மாளிடம் போனோம். அடுக்களைப் பாத்திரத்தில் பூச்சி வேகவைக்கிறதா என்று கேட்டார்கள். பிறகு, இது முடிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவாரா என்று கேட்டார்கள். போவேன் என்றார். பரணில் கிடந்த ஒரு பழைய பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஐந்து வாரம் அதுதான் வேலை. நான் விறகு வைத்து நீரைச் சுட வைப்பேன், ஊசியிலிருந்து வண்டைக் கழற்றிச் செம்பில் விடுவேன். சில முழுசாகக் கிடக்கும். சிலவற்றிலிருந்து ஒரு கால் பிரிந்து மேலே மிதக்கும். சில வண்டுகளிலிருந்து மூன்று கால், ஒரு மீசை, ஒன்றிலிருந்து தலையே கழன்றது. தலையை ஒட்டினது எனக்கே ஞாபகமில்லை. அவர் கண்ணால் பார்க்க முடியாததால் நான்தான் லென்ஸில் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு வழியில்லாமல் அந்த ஐந்து வாரத்தில்தான் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கண்ணுக்கு மேலே உள்ள மயிர் ஒன்றா இரண்டா, பாதத்தின் அடியில் மெத்தை உண்டா இல்லையா, கால் ஓரத்தில் பல் எத்தனை. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். இரண்டு பேரும் எரிச்சலோடுதான் பேசிக்கொண்டோம்.

பட்டியலில் ஏழு பெயர்கள் அடிபட்டுப் போயின. அடிக்க வேண்டியதை நான் விரலால் காட்ட, அவர் பேனாவால் அடித்தார். கோடு சில சமயம் அடுத்த வரியிலும் பட்டது. சீமைக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினார். கடிதத்தில் என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று கேட்டேன். உதவியாளர் பழுது பார்த்துவிட்டார் என்று எழுதியிருக்கிறேன் என்றார்.

பதிலுக்காக மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். ஆஸ்பத்திரியை அதுவரை தள்ளிப்போட்டார். வீட்டம்மாள் செம்பைத் திருப்பிக் கேட்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை.

வந்த பொட்டலத்தில் நூற்று நாற்பத்தாறாம் நம்பர் திரும்பி வந்திருந்தது, முன்னங்கால் இல்லாமல். கூடவே விரல் நகம் அளவில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் அந்த இரண்டு கால்கள். துரையும் வெந்நீரில் போட்டுப் பார்த்தாராம். உடம்பு பழைய சாதாரண வண்டுதான், சந்தேகமில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது. இந்த முறை நான் கேட்காமலே, காகிதத்தை வெயிலில் பிடித்துக் கண்ணோடு ஒட்டி வைத்து, இவர் படித்துச் சொன்னார். இந்தக் கால்கள் தமக்குத் தெரிந்த எந்த வண்டினுடையதும் இல்லை. அங்கே உள்ள எல்லாப் பெட்டிகளிலும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. ஆகவே இந்தக் கால்களுக்கு உரிய உடம்பு எங்கேயோ இருக்க வேண்டும். அதை எங்கே எடுத்தீர்கள் என்று தெரிவித்தால், பட்டியலில் அந்த இடத்தைப் போட்டு, பெயர் வைக்காத ஒன்று என்றாவது குறித்துவைக்கலாம். இடம் தெரிந்தால் இன்று இல்லாவிட்டாலும் நாளை யாராவது தேடுவார்கள்.

புதுசு இருந்தது. நான் அதன் காலைப் பிடுங்கிவிட்டு உடம்பைக் கூட்டித் தள்ளியிருந்தேன்.

“தட்டிலே கிடந்ததுன்னியே. அதை எங்கேருந்து கொண்டு வந்தே?”

தட்டில் கிடந்தவற்றுக்குச் சீட்டு கிடையாது. குப்பைக்கு யார் இடம் எழுதுகிறார்கள்? கரமனையில் அது இல்லை என்பது ஒரு வருஷம் தேடியதில் தெரிந்துவிட்டது. அந்த வாரம் கரமனை தவிர மூன்று இடத்துக்குப் போயிருந்தேன். வேளிக் கடற்கரை மணல், வெள்ளாயணிக் காயலின் கரை, நெடுமங்காடு ரோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்து ஓரம். முதுகு நசுங்கியது நன்றாக ஞாபகம் இருந்தது. என் கால்தான் பட்டிருக்க வேண்டும். மணலில் மிதித்தால் நசுங்காதே என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, அதன் வயிற்றில் மணல் ஒட்டியிருந்ததே என்று மறுநாள் தோன்றும். வேளியாக இருக்கலாம் என்று ஒரு முறை சொன்னேன்.

அதை அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து ஒரு சீட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அச்சுக்கூடத்துக்காரர்கள் அடுத்த வாரத்துக்கு மேல் எழுத்தைக் கட்டி வைத்திருக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். தேதி அவரே எழுதியிருந்தார், கோணல் மாணலாக. இடம் மட்டும் காலி.

“எழுது.”

“என்னன்னு சாமி?”

“வேளின்னு நீயேதானே சொன்னே.”

“இருக்கலாம்னுதான சொன்னேன்.”

“மூணிலே ஒண்ணுதானே. அதுவாவே இருந்துட்டுப் போறது. யார் வந்து கேக்கப் போறா?”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சீட்டில் ஒரு தேதி தப்பினால் வண்டையே எடுத்து எறிகிற மனிதர். கண் ஏறக்குறைய முழுக்க வெள்ளையாகிவிட்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு பேசினார். எழுதினால் பட்டியலின் கடைசியில் ஒரு வரி வரும், அதில் என் பெயரும் வரும். எனக்கு எழுதத்தான் கை போயிற்று. வேளி என்பதை இங்கிலீஷில் எழுதிப் பழக்கம்தான், நான்கே எழுத்து. ஆனால் அதை நம்பி எவனாவது வந்து ஒரு வருஷம் அந்த மணலைத் தோண்டுவானே என்று நினைத்தபோது எனக்குக் கரமனைக் கரைதான் கண்ணில் நின்றது.

“எனக்குத் தெரியல சாமி. தெரியாததை எழுதமாட்டேன்” என்றேன்.

அவர் சீட்டைத் தடவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பட்டியல் அந்த வரி இல்லாமல் அச்சுக்குப் போனது. பத்து நாள் கழித்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு கண்ணில் பார்வை கொஞ்சம் திரும்பியது, மற்றதில் இல்லை. அவர் படுத்திருந்த சமயம் நான் யாரும் சொல்லாமலே வேளிக்குப் போய் ஒரு மாதம் டப்பா புதைத்தேன். இப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும், அங்கேயே உட்கார்ந்து லென்ஸில் பல் எண்ணினேன். மூன்று, மூன்று, மூன்று. பிறகு வெள்ளாயணியில் ஆறு வாரம். அங்கேயும் இல்லை. அதற்குள் ஐப்பசியின் துலா மழை பிடித்துக்கொண்டது. ஒரே இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது எனக்குப் பழக்கமில்லாத சங்கதி, கால் ஒரு நிலையில் நிற்கவில்லை. மதுரைப் பக்கம் ஒரு மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஆணிக்கடை முதலாளி சொன்னார். லென்ஸைத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். நெடுமங்காடு ரோட்டை மட்டும் பார்க்கவே இல்லை.